ஒரு ரேம் ஸ்லாட் வேலை செய்யவில்லை, மதர்போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

உங்கள் கணினியில் இரண்டு ரேம் ஸ்லாட். இரண்டாவதில் ரேம் போட்டால் திரையில் ஒன்றும் வருவதில்லை. கடையில் "போர்டு போச்சு, மாத்திடுங்க" என்கிறார்கள். இப்போதைக்கு மாற்ற வேண்டாம். இதே சொல்லைக் கேட்டுப் புதுப் போர்டுக்குப் பணம் எடுத்து வைத்தவன் நான். கடைசியில் பழுது ஸ்லாட்டில் இல்லை.

நான் சர்வீஸ் ஆள் இல்லை. தூத்துக்குடியில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். அங்கே இருக்கும் ஒரு கணினி ஆறாம் தலைமுறை ஐ5 பிராசஸர், டிடிஆர்4 போர்டு. 8 ஜிபி ரேம் இரண்டு போட்டிருந்தேன். ஒருநாள் ஃபோட்டோஷாப்பில் ஒரு கல்யாண ஆல்பம் திறந்தால் நகரவே மாட்டேன் என்றது. சிஸ்டம் விவரத்தைப் பார்த்தால் 16 ஜிபி இருக்கிறது, ஆனால் பயன்படுத்தக்கூடியது 7.9 ஜிபிதான் என்று காட்டியது. டாஸ்க் மேனேஜரில் "ஹார்ட்வேர் ரிசர்வ்டு" என்ற இடத்தில் 8 ஜிபி போய் உட்கார்ந்திருந்தது.

முதலில் மென்பொருள் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டேன். எம்எஸ்கான்ஃபிக் (விண்டோஸ் தொடங்கும் முறையை அமைக்கும் கருவி) திறந்து, பூட் பகுதியில் அட்வான்ஸ்டு ஆப்ஷனுக்குள் "மேக்ஸிமம் மெமரி" என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிட வேண்டும். விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் எடுக்காது. என் கணினியில் இரண்டுமே சரியாக இருந்தன.

அடுத்து செய்ய வேண்டியது, பொறுமையாக, நான்கு சோதனை. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். இப்போது முதல் ரேமை மட்டும் முதல் ஸ்லாட்டில், பிறகு இரண்டாம் ஸ்லாட்டில். அதேபோல இரண்டாம் ரேமை மட்டும் தனியாக இரண்டிலும். ஒவ்வொன்றையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ரேம் இரண்டு ஸ்லாட்டிலும் அடம்பிடித்தால் பழுது அந்த ரேமில். இரண்டு ரேமும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் நின்றுவிட்டால் பழுது அந்தப் பாதையில். "ஸ்லாட்டில்" என்று சொல்லாமல் "பாதையில்" என்கிறேன், காரணத்தைக் கீழே சொல்கிறேன். டிடிஆர்4க்கு அடுத்து வந்த டிடிஆர்5 ரேம் உள்ள கணினி என்றால் ரேம் மாற்றியபின் முதல் தடவை திரை வரச் சில நிமிடம்கூட ஆகும். அது செத்துப்போகவில்லை, ரேமுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கிறது. அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள்.

சோதனைக்கு நடுவிலேயே சுத்தமும் செய்துவிடலாம். ரேமின் தங்க முலாம் பூசிய விளிம்பை நல்ல வெள்ளை ரப்பரால் மெதுவாக, இரண்டு மூன்று இழுப்பு மட்டும். அந்த முலாம் ரொம்ப மெல்லியது, தேய்த்தே தீர்த்துவிடலாம். ரப்பர் துகளைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். ஸ்லாட்டுக்குச் சுத்தமான மென்மையான பிரஷ்ஷும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் போதும், நன்றாக உலர்ந்தபின் மின்சாரம் கொடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போய்விடும். எங்கள் ஊர் உப்புக்காற்றில் இந்தச் சுத்தம் ஒன்றிலேயே உயிர் வந்த கணினிகளைப் பார்த்திருக்கிறேன். சில போர்டில் ஸ்லாட்டின் ஒரு பக்கம் மட்டும்தான் பூட்டு இருக்கும். மறுமுனை பாதி ஏறியபடி நிற்பது பார்வைக்குத் தெரியாது, இரண்டு முனையையும் சமமாக அழுத்துங்கள். போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் போட்டு பயாஸையும் (போர்டின் அடிப்படை அமைப்புகளை) பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டிருந்தால் அதுவும் அப்போது போய்விடும். வேகம் கூடியதால் மட்டும் தகராறு செய்யும் ரேம்களும் உண்டு.

என் கணினியில் இதெல்லாம் செய்தும் இரண்டாம் ஸ்லாட் எழவில்லை. கடைக்காரர் போர்டை மாற்றச் சொன்னது அப்போதுதான்.

சரி, அந்தப் பாதை விஷயத்துக்கு வருகிறேன். பழைய காலத்தில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி போர்டில் தனிச் சிப்பாக இருந்தது. ஏஎம்டி 2003லும் இன்டெல் 2008லும் அதைப் பிராசஸருக்குள் கொண்டுபோய்விட்டன. ஆகவே ஸ்லாட்டிலிருந்து வரும் தரவுக் கம்பிகள் நேராகப் பிராசஸர் உட்காரும் சாக்கெட்டுக்குத்தான் போகின்றன. இரண்டே ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் ஒரு ஸ்லாட் என்பது ஒரு முழு சேனல், அதாவது ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவில் ஒரு தனித் தரவுப் பாதை. சாக்கெட்டில் அந்த சேனலுக்கான ஒரு பின் வளைந்தாலே ஸ்லாட் செத்தது போலத் தெரியும். "நான் 8 ஜிபி ரேம்" என்று தன்னைச் சொல்லிக்கொள்ள ரேமில் ஒரு குட்டிச் சிப் இருக்கிறது, அதைப் படிக்கும் கம்பி மட்டும் வேறு வழி. அதனால்தான் 16 ஜிபி என்று பெயருக்குக் காட்டிவிட்டுப் பாதியைப் பயன்படுத்த முடியாமல் நின்றது.

இது புரிந்தபின்தான் எனக்கு நினைவு வந்தது: இரண்டு வாரம் முன்பு தெர்மல் பேஸ்ட் மாற்றும்போது பிராசஸரை வெளியே எடுத்து வைத்திருந்தேன். திரும்பக் கழற்றி, மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துச் சாக்கெட்டைப் பார்த்தேன். எல்லாப் பின்னும் ஒரே வரிசையாய் மின்ன, ஓரத்தில் ஒன்று மட்டும் வேறு பக்கம் பார்த்து நின்றது. மெல்லிய ஊசிமுனையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினேன். போர்டைப் பூட்டி ஆன் செய்தால் 16 ஜிபியும் வந்தது. அன்றிரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை பென் டிரைவிலிருந்து விடிய விடிய ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை.

கை நடுங்கும் என்றால் இதை நீங்கள் செய்ய வேண்டாம். சிப் லெவல் சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்து "சாக்கெட் பின்னைப் பாருங்கள்" என்று சொல்லிக் கேளுங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 வகைப் பிராசஸர் என்றால் பின் போர்டில் இல்லை, பிராசஸரின் அடியில் இருக்கும். கூலரை வெடுக்கென்று இழுத்தால் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்து பின் வளையும். கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, கூலரை மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும். கூலரின் நான்கு கால்களில் ஒன்று மட்டும் சரியாக ஏறாமல் பிராசஸரைச் சாய்த்து அழுத்தினாலும் ஒரு சேனல் காணாமல் போகலாம். அதையும் பாருங்கள்.

பின்கள் எல்லாம் நேராக இருந்து, வேறு பிராசஸர் போட்டும் அந்த ஸ்லாட் எழவில்லை என்றால்தான் போர்டு பழுது. அப்போதும் போர்டை மாற்றுவதற்கு முன், நல்ல ஸ்லாட்டில் 16 ஜிபி ரேம் ஒன்றை மட்டும் போட முடியுமா என்று போர்டின் கையேட்டில் பாருங்கள். இரட்டைச் சேனல், அதாவது இரண்டு பாதையும் சேர்ந்து ஓடுவதால் வரும் வேகம், போய்விடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு அது நன்றாகவே தெரியும், டைப்பிங்கும் பில்லிங்கும் செய்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது.

நான்கு சோதனையின் முடிவையும் போர்டின் மாடலையும் கருத்தில் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.