மலிவான ரீலோடிங் பிரஸ்: எதை வாங்கலாம், எதில் சிக்கனம் கூடாது? கேள்வி பதில்

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளை உறையைத் தூக்கிப் போடாமல், புது பிரைமர் (அடிபட்டதும் பொறி தரும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு வைத்து மறுபடி நிரப்புவதையும், அதற்கான நெம்புகோல் கருவியான பிரஸ்ஸையும் பற்றித்தான் எல்லாக் கேள்விகளும். பதிலுக்குப் போகும் முன் ஒன்று. துப்பாக்கி உரிமம் இருந்தாலே வீட்டில் தோட்டா நிரப்பலாம் என்று நினைக்காதீர்கள். பல நாடுகளில் அதற்குத் தனி அனுமதி வேண்டும், சில இடங்களில் அறவே கூடாது. அதை உறுதி செய்துகொண்ட பிறகே ஒரு டையைக்கூட (பிரஸ்ஸில் திருகி உறையை உள்ளே அழுத்தும் அச்சு) வாங்குங்கள்.

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது 308 வகைத் தோட்டா போடும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். மாதம் நூறு தோட்டா சுட்டாலே அதிகம். பணமும் குறைவு. எந்த மாதிரி பிரஸ் வாங்கலாம்?

சிங்கிள் ஸ்டேஜ் போதும், தம்பி. ஒரு நேரத்தில் ஒரு டை, ஒரு வேலை. நூறு உறையையும் முதலில் ரீசைஸ் செய்து, அதாவது சுட்டதில் விரிந்ததைப் பழைய அளவுக்கு அழுத்தி முடிப்பீர்கள், பிறகு டையை மாற்றி அடுத்த வேலைக்குப் போவீர்கள். மெதுவாகத்தான் போகும். ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு அந்த மெதுவே பாதுகாப்பு. ஒவ்வொரு உறையும் பலமுறை உங்கள் கையில் வந்து போகும். விரிசலோ பள்ளமோ இருந்தால் கண்ணில் படாமல் போகாது.

வாங்கும்போது பிரேம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முன்பக்கம் திறந்து 'சி' போல இருக்கும் அலுமினிய பிரஸ்தான் எல்லாவற்றிலும் மலிவு. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் 308 உறையை முழு நீளத்துக்கும் ரீசைஸ் செய்ய நல்ல பலம் கொடுத்து நெம்புகோலை இறக்க வேண்டும். அப்போது திறந்த பிரேம் மயிரிழை அளவு விரிந்து கொடுக்கும். அந்த மயிரிழையால் உறையின் தோள்பட்டை (கழுத்துக்குக் கீழே சரிந்து அகலும் இடம்) சரியான இடத்துக்குப் பின்தள்ளப்படாமல் போய், நிரப்பிய தோட்டா துப்பாக்கியில் அது உட்காரும் அறையான சேம்பரில் இறுக்கமாக உட்காரும். 'ஓ' போல மூடிய, வார்ப்பிரும்பு பிரேம் உள்ள பிரஸ்ஸுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்யுங்கள். ஆர்.சி.பி.எஸ். ராக் சக்கர் அந்த வகைதான். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றால் பழையதைத் தேடலாம்.

கேள்வி: பழைய பிரஸ் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

மேலே படிந்த துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எண்ணெய் போட்டுத் தேய்த்தால் போய்விடும். நெம்புகோலைப் பாதி வரை இறக்கி, உறையைத் தாங்கி மேலேறும் தண்டான ராமை விரல்களால் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். அப்புறம் டை திருகும் துளையின் மரையில் விரலை ஓட்டிப் பாருங்கள். பிரேமில் ஒரு கீறல் அளவு வெடிப்பு தெரிந்தாலும் வேண்டாம். வார்ப்பிரும்பில் விழுந்த வெடிப்பு நிற்காது, வளரும். இது எதுவும் இல்லையென்றால் தயங்காமல் வாங்குங்கள். இந்தக் கருவியில் அசையும் பாகங்களே சில தான், நன்றாக வைத்துக்கொண்டால் தலைமுறை தாண்டி உழைக்கும்.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் பிரஸ்ஸில் வேறு நிறுவனத்தின் டை பொருந்துமா?

பொருந்தும். பெரும்பாலான டைகளின் மரை 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 சுற்று. அதனால் லீ டையை ஆர்.சி.பி.எஸ். பிரஸ்ஸில் திருகலாம், ஹார்னடி டையை லீ பிரஸ்ஸில் திருகலாம். உறையின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரை மட்டும் உங்கள் தோட்டாவுக்கு ஏற்றபடி தனியாக வாங்க வேண்டும். ஷாட்கன் தோட்டாவுக்கு இந்த பிரஸ் உதவாது, அதற்கான கருவியே வேறு.

கேள்வி: நான் வாரம் முந்நூறு 9 மி.மீ. தோட்டா சுடுகிறேன். நேராகப் புரோகிரசிவ் பிரஸ் வாங்கிவிடலாமா?

உங்கள் அவசரம் புரிகிறது. சிங்கிள் ஸ்டேஜில் ஒரு மணி நேரத்துக்கு ஐம்பது அறுபது தோட்டா முடித்தாலே பெரிது. புரோகிரசிவில் நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா முழுதாக வெளியே வந்து விழும். ஆனால் அந்த ஒரே இழுப்பில் நான்கைந்து உறைகளில் நான்கைந்து வேலை ஒரே சமயத்தில் நடக்கிறது. எங்காவது சிக்கிக்கொண்டு, உறைகளைப் பிடித்துச் சுழலும் தட்டை நீங்கள் முன்னும் பின்னும் திருப்பிவிட்டால், ஒரே உறையில் மருந்து இரண்டு முறை விழலாம். 9 மி.மீ. உறைக்குப் போடும் மருந்தே சில கிரெயின்தான் (கிரெயின் என்பது மருந்தை நிறுக்கும் சிறு அலகு). பல வகை மருந்துகளில் இரட்டை அளவு விழுந்தாலும் வழியாது, உள்ளேயே அடங்கிவிடும். அதைச் சுட்டால் துப்பாக்கியோடு கையும் போகும்.

உங்களுக்கு டரட் பிரஸ்தான் நல்ல நடுவழி என்பேன். மூன்று நான்கு டைகள் மேலே சுழலும் தலையில் பொருத்தியபடியே இருக்கும், ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டாம். கீழே இருப்பது எப்போதும் ஒரே ஒரு உறைதான். அதன் மேலேயே கண்ணை வைத்திருக்கலாம். டை வாங்கும்போது, உள்ளே மிகக் கடினமான கார்பைடு வளையம் உள்ள கார்பைடு டையாக வாங்குங்கள், 9 மி.மீ. உறைக்கு மசகு தடவும் வேலை மிச்சம்.

கேள்வி: ரைஃபிள் உறைக்கும் கார்பைடு டை இருந்தால் மசகு வேண்டாம் அல்லவா?

வேண்டும். கழுத்து குறுகிய எந்த உறைக்கும் மசகு கட்டாயம். ஆரம்ப நாட்களில் ஒரே ஒரு உறைக்குத் தடவ மறந்துவிட்டேன். டைக்குள் போய் இறுகிக்கொண்டது. பலம் கொடுத்து இழுத்ததும் அடி விளிம்பு பிய்ந்து ஷெல் ஹோல்டரோடு வந்தது, உறை உள்ளேயே நின்றுவிட்டது. அடியில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட் கொடுத்து இழுத்து எடுக்க ஒரு மாலைப்பொழுது போனது. தோளில் மட்டும் அதிகம் தடவாதீர்கள், அங்கே மசகு தேங்கினால் பித்தளை பள்ளமாகிவிடும்.

கேள்வி: பிரஸ்ஸே வேண்டாம், சுத்தியலால் தட்டி நிரப்பும் லீ லோடர் போதும் என்கிறார்களே, ஐயா?

வேலை நடக்கும். உறையின் கழுத்தை மட்டும்தான் அது சரிசெய்யும் என்பதால், எந்தத் துப்பாக்கியில் சுட்ட உறையோ அதிலேயேதான் திரும்பவும் போட வேண்டும். பிரைமரைத் தட்டி உட்காரவைக்கும்போது சில சமயம் அது வெடித்தும்விடும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

கேள்வி: பிரஸ்ஸில் மிச்சம் பிடித்த பணத்தை எதில் போடுவது?

தராசிலும் கையேட்டிலும். பிரஸ் சுமாராக இருந்தால் தோட்டா சுமாராக வரும், அவ்வளவுதான். தராசு பிசகினால் உயிருக்கே ஆபத்து. ஒரு கிரெயின் என்பது 0.065 கிராம். சமையலறைத் தராசுக்கு அது தெரியவே தெரியாது. கிரெயின் காட்டும் தராசும், அதைச் சோதிக்க எடைக்கற்களும் வாங்குங்கள். மருந்தின் அளவை மருந்து நிறுவனமும் குண்டு நிறுவனமும் வெளியிடும் கையேட்டில் மட்டுமே பாருங்கள். அதிலும் தொடக்க அளவில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மேசையில் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம்.

காசே செலவில்லாத கருவி ஒன்றும் இருக்கிறது. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் லேசாக மடக்குங்கள். ரைஃபிள் உறைக்குள் விட்டு, அடியிலிருந்து சுவரை வருடியபடி மேலே இழுங்கள். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே நுனி ஒரு பள்ளத்தில் தட்டி நின்றால், அங்கே பித்தளை மெலிந்துவிட்டது. அடுத்த முறை சுடும்போது உறை அந்த இடத்தில் இரண்டாகப் பிரியலாம். நசுக்கித் தூரப் போடுங்கள்.

கேள்வி: பிரஸ்ஸைச் சாப்பாட்டு மேசையில் பொருத்தலாமா?

கூடாது. மேசை ஆடும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பழைய பிரைமரைத் தள்ளி எடுக்கும்போது வரும் தூசியில் ஈயம் இருக்கிறது. குழந்தைகள் வராத அறையில், கனமான பலகையில், போல்ட் போட்டு இறுக்குங்கள். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே எதையும் தொடுங்கள்.