இயற்கை மருந்தும் தாக்க எண்ணும்

அன்புள்ள ஐயா,

வீட்டுத் தோட்டத்தில் இயற்கை மருந்து மட்டும்தான் அடிக்கிறேன். இலைப்புள்ளி நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. வேளாண்மை படித்த என் அண்ணன், "இதன் சுற்றுச்சூழல் தாக்க எண் பல ரசாயன மருந்துகளைவிட அதிகம்" என்கிறார். அப்படியானால் அந்த எண்ணைப் பார்த்தே மருந்து வாங்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அண்ணன் சொல்வது சரிதான். மயில்துத்தத்தில் இருக்கும் தாமிரம் ஒரு தனிமம். வெயிலோ நுண்ணுயிரோ அதைச் சிதைக்க முடியாது. வருடாவருடம் அடிப்பது மேல்மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். மண்புழுவுக்கு ஆகாது, மழைநீரோடு குளத்தில் இறங்கினால் மீனுக்கும் ஆகாது.

அவர் சொல்லும் எண் 1992இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவானது. தெளிப்பவர், உண்பவர், மற்ற உயிர்கள் என மூன்று தரப்புக்கும் உள்ள ஆபத்தைச் சராசரியாக்கி, அடிக்கும் அளவால் பெருக்குகிறார்கள். அளவைச் சேர்த்தது நல்ல காரியம். அந்தச் சராசரியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தேனீயைக் கொல்லும் மருந்து மனிதருக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாது என்றால் அதன் எண் இறங்கிவிடுகிறது. செத்த தேனீ செத்ததுதானே?

இமிடாகுளோபிரிட் என்ற ரசாயனப் பூச்சிமருந்தை வேரில் ஊற்றினால் செடி முழுக்க ஏறி மகரந்தத்திலும் பூந்தேனிலும் கலக்கும். மண்ணிலும் மாதக்கணக்கில் தங்கும். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் திறந்தவெளியில் அதைப் பயன்படுத்தத் தடை விதித்தது. செவ்வந்தி இனப் பூவிலிருந்து எடுக்கும் பைரெத்ரினும் தேனீயைக் கொல்லும்தான். ஆனால் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு, பூவில் படாமல் அடித்தால் சேதம் பெருமளவு குறையும். எந்த நேரத்தில் அடிக்கிறீர்கள் என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது.

அசுவினிக்காக நான் ஒருமுறை அவசரப்பட்டு மருந்து அடித்தேன். அதே செடியில் பொறிவண்டுப் புழுக்கள் அசுவினியைத் தின்றுகொண்டிருந்தன. அவையும் செத்தன. இரண்டு வாரத்தில் அசுவினி முன்னைவிட அதிகமாக வந்தது. இணைசேராமலே குட்டி போடும் பூச்சி அது, பொறிவண்டால் அந்த வேகத்துக்குப் பெருக முடியாது. இன்று நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது.

சரி, உங்கள் இலைப்புள்ளிக்கு வருவோம். நோய் கண்ட இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். இலை நனையாமல் வேரடியில் தண்ணீர் விடுங்கள். நெருக்கமான கிளைகளை வெட்டிக் காற்றோட்டம் கொடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் போர்டோ கலவை. அடித்த தேதியையும் மயில்துத்தத்தின் அளவையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று வருடம் கழித்துக் கூட்டிப் பார்த்தால், உங்கள் மண்ணில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நீங்களே அண்ணனிடம் சொல்லலாம்.