ஆடும் தலையும் ஊரும் உடலும்: கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டர், ‘பால் பைத்தான்’ இனத்தைச் சேர்ந்த, இரண்டு வயதான ஆண் பாம்பு ஒன்றை வளர்க்கிறேன். ‘ஸ்பைடர்’ எனப்படும் நிற வகை. உடல் முழுவதும் மெல்லிய கருங்கோடுகள் வலை போல ஓடும். சும்மா படுத்திருக்கும்போது எதுவும் தெரிவதில்லை. எலியைக் காட்டினால் போதும், தலையாட்டிப் பொம்மையைப் போல ஆடத் தொடங்கிவிடுகிறது. பாய்ந்து கவ்வும்போது குறி தவறி வெறுங்காற்றைக் கடிக்கிறது. சில நேரம் கழுத்தைத் திருகிக்கொண்டு, தாடை மேலே தெரியும்படி கிடக்கிறது. வாங்கிய நாளிலிருந்தே இப்படித்தான். விற்றவர், ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்றார். சரியாகுமா?

பதில்: சரியாகாது. விற்றவருக்கும் இது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் எழுதினால் பாலும் பாம்பும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்தப் ‘பால்’ பந்துதான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மலைப்பாம்பு பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். ஸ்பைடர் நிறம் கொண்ட முதல் பாம்பு 1999-இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. அதன் வழியில் வந்தவைதான் இன்று விற்கப்படும் ஸ்பைடர்கள். கோலம் தந்த மரபணுவோடு தள்ளாட்டமும் சேர்ந்தே வந்துவிட்டது. சிலவற்றில் அது கண்ணுக்கே தெரியாது. சிலவற்றில் நீங்கள் சொல்லும் அளவுக்கு இருக்கும்.

மூளையில்தான் கோளாறு என்று நானும் பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று ஸ்பைடர் பாம்புகளின் தலையை நுண் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, உள்காதைச் சுட்டிக்காட்டியது. பாம்புக்கு வெளிக்காது கிடையாதே தவிர, நமக்கு இருப்பதைப் போலவே உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்வது அவற்றின் வேலை. ஸ்பைடர்களில் இந்தக் குழல்களும் அவற்றை ஒட்டிய பையும் உருக்குலைந்திருந்தன. எது மேல், எது கீழ் என்ற செய்தியே தவறாகப் போகும்போது பாம்பு எப்படிக் குறிபார்க்கும்?

என் மேசையில் ஒரு ஸ்பைடரை வைத்துப் பார்த்தது நினைவிருக்கிறது. அமைதியாக இருந்தது. கையுறையில் எலி வாசனை இருந்ததோ என்னவோ, நாக்கை இரண்டு முறை நீட்டியது; உடனே மூக்கு நுனி சிறுசிறு வட்டங்கள் போட ஆரம்பித்தது. மை வராத பேனாவைத் தாளில் சுழற்றிப் பார்ப்போமே, அதே போல. கையை எடுத்ததும் நின்றுவிட்டது. பரபரப்பு கூடினால் ஆட்டமும் கூடும்.

அதனால் நீங்கள் செய்யக்கூடியது பரபரப்பைக் குறைப்பதுதான். உடல் சுவரில் உரசும் அளவுக்கு நெருக்கமான மறைவிடம் கொடுங்கள். உயரமான கிளைகளை எடுத்துவிடுங்கள். உயிருள்ள எலி வேண்டவே வேண்டாம். குறி தவறும் பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். உறைநிலையில் வாங்கி, இளக்கி, வெதுவெதுப்பாக்கிய எலியை நீளமான இடுக்கியில் பிடித்து, ஆட்டாமல் முகத்தருகே காட்டுங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டு, எடை குறையாமல், சட்டையை முழுதாக உரித்தால் அது தன் வாழ்க்கையை ஓட்டிக்கொள்ளும்.

ஒன்றே ஒன்று: இணை சேர்க்காதீர்கள். மரபணு ஓங்கு தன்மை கொண்டது. சாதாரணப் பெண்ணோடு சேர்ந்தாலும் சராசரியாகப் பாதிக் குட்டிகள் தள்ளாட்டத்தைச் சுமந்தே பிறக்கும். அழகான குட்டிகள்தான். ஆனாலும் வேண்டாம்.

கேள்வி: ஏழு வயதுப் பெண் பாம்பு, சாதாரண நிறம். மூன்று நாட்களாகத் தலையைப் பின்னுக்கு வளைத்துக் கூரையையே வெறித்துப் பார்க்கிறது. மல்லாத்திப் போட்டால் திரும்பத் தெரியவில்லை. இதுவும் மரபணுக் கோளாறா?

பதில்: இல்லை. பத்திரிகை வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் உங்களுக்கு அன்றே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். பாம்பு ஆடுகிறது என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, ‘எப்போதிலிருந்து?’ என்பதைத்தான். பிறந்ததிலிருந்து என்றால் பொறுமையாகப் பேசலாம். மூன்று நாட்களாக என்றால் அவசரம். மல்லாத்தினால் ஆரோக்கியமான பாம்பு தலையை முதலில் புரட்டி, உடலையும் உடனே திருப்பிக்கொள்ளும். உங்கள் பாம்பு அதைச் செய்யவில்லை.

வெப்பமானியைப் பாருங்கள். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் போதும். கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி 40-ஐத் தாண்டினால், ஒதுங்க இடமில்லாத பாம்பின் நரம்புகள் பாதிக்கப்படும். அறையில் பூச்சிமருந்து அடித்தீர்களா? உண்ணிக்கு ஏதாவது மருந்து தெளித்தீர்களா? மறைக்காமல் சொல்லுங்கள். ‘கொஞ்சம்தான் அடித்தேன், அதுவும் பக்கத்து அறையில்தான்’ என்று மூன்றாவது முறை கேட்டபோது ஒப்புக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கீழே விழுந்து அடிபட்டதா என்பதும் தெரிய வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால், நான் பயப்படுவது அரினா வைரஸ் குடும்பத்தால் வரும் நோய்க்கு. போவா பாம்புகள் இந்த வைரஸை நீண்ட காலம் சுமந்து திரியலாம். மலைப்பாம்புகளில் நரம்புக் கோளாறு சீக்கிரமே தலைகாட்டும். குணப்படுத்த மருந்து கிடையாது. வீட்டில் வேறு பாம்புகள் இருந்தால் இதை இன்றே தனி அறைக்கு மாற்றுங்கள். மற்றவற்றைக் கவனித்துவிட்டுக் கடைசியாக இதனிடம் போங்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் மிதந்தால் அவை உண்ணிகளாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட எடுத்து வையுங்கள். ஊர்வனவற்றில் பழக்கமுள்ள மருத்துவரிடமே போங்கள். ஆட்டத்தைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மேசைக்கு வந்ததும் சமர்த்தாகப் படுத்துவிடும் பாம்புகள் ஏராளம்.

கேள்வி: எங்கள் பாம்பு வளைந்து நெளியாமல் நேர்க்கோட்டில், கம்பளிப்பூச்சி மாதிரி ஊர்கிறது. இரவில் ஒரு சாண் உயரத்துக்குத் தலையைத் தூக்கி நிற்கிறது. பயமாக இருக்கிறது.

பதில்: பயம் வேண்டாம். கனத்த உடல் கொண்ட பாம்புகள் அவசரமில்லாதபோது இப்படித்தான் ஊரும். ஒரு காலத்தில், விலா எலும்புகளே உள்ளே கால்களைப் போல நடக்கின்றன என்று நம்பினார்கள். அப்படியில்லை. விலா எலும்புக்கும் தோலுக்கும் இடையிலுள்ள தசைகளில் ஒரு தொகுதி வயிற்றுத் தோலை முன்னே இழுத்துத் தரையில் ஊன்றும். இன்னொரு தொகுதி எலும்புக்கூட்டை அந்த இடத்துக்கு இழுத்துவரும். கண்ணாடி மேல் ஊரவிட்டு அடியிலிருந்து பாருங்கள், வயிற்றுச் செதில்களில் அலை ஓடுவது தெரியும். பாம்பின் கால் பாம்புக்கு மட்டுமே தெரியும் என்று இனிச் சொல்ல முடியாது.

தலையைத் தூக்கி நிற்பது வேடிக்கை பார்ப்பதற்கு. தலை நிலையாக இருந்து, தானே இறங்கிவிட்டால் சரி. இரவு முழுவதும் கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தால், வெப்பத்தையும் மறைவிடத்தையும் ஒருமுறை சரிபாருங்கள்.