இனிப்பு மாத்திரை டப்பாவில் ஒரு பொடி எழுத்து

கேள்வி: காப்பியில் சர்க்கரைக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் இனிப்பு மாத்திரையின் டப்பாவில், ‘ஃபீனைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு உகந்ததல்ல’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். நான் சர்க்கரை நோயாளி. இந்த எச்சரிக்கை எனக்குமா? (மதுரை வாசகர்)

பதில்: உங்களுக்கு இல்லை. அந்த மாத்திரையில் உள்ள ஆஸ்பார்டேம் என்னும் இனிப்பூட்டி, செரிமானத்தின்போது ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை வெளியிடுகிறது. பாலிலும் பருப்பிலும் முட்டையிலும் இதே பொருள் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. நம் கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை டைரோசின் என்ற வேறோர் அமினோ அமிலமாக மாற்றிவிடுவதால் நமக்குத் தொல்லையில்லை. அந்த நொதி பிறவியிலேயே செயல்படாத குழந்தைகளுக்கு ஃபீனைல்அலனின் இரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைப் பாதிக்கிறது. அந்தக் குறைபாட்டின் பெயர்தான் டப்பாவில் நீங்கள் பார்த்தது.

கேள்வி: இந்த நோயை முதலில் கண்டறிந்தவர் ஒரு நார்வே நாட்டவர் என்று படித்தேன். அவரைப் பற்றிச் சொல்லுங்கள். (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: ஐவார் அஸ்பியோர்ன் ஃபொல்லிங். 1888-இல் நார்வேயின் நடுப்பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். டிரான்ஹைம் தொழில்நுட்பக் கல்லூரியில் வேதியியல் முடித்து, அதன்பின் மருத்துவமும் படித்து 1922-இல் மருத்துவரானார். அம்மோனியம் குளோரைடு உடலில் அமிலத்தன்மையை எப்படி உண்டாக்குகிறது என்ற ஆய்வுக்காக 1929-இல் முனைவர் பட்டம் பெற்றார். வேதியியல் முதலில், மருத்துவம் பிறகு என்ற இந்த வரிசை முக்கியமானது என்பது என் எண்ணம்.

1934-இல் ஆஸ்லோவில் ஒரு தாய், மனவளர்ச்சி குன்றிய தம் இரண்டு குழந்தைகளுடன் அவரை நாடினார். மகளுக்கு ஆறு வயது கடந்திருந்தும் சில சொற்களே வந்தன. ஏறத்தாழ நான்கு வயதான மகனுக்கு நடையும் இல்லை, பேச்சும் இல்லை. பல மருத்துவர்களிடம் அலைந்தும் பதில் கிடைக்காத அந்தத் தாய் ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேட்டுவந்தார்: பிள்ளைகளிடம் வீசும் விசித்திரமான வாடைக்கும் இந்த நிலைக்கும் தொடர்பு உண்டா?

ஃபொல்லிங் சிறுநீரை வாங்கி வழக்கமான சோதனைகளைச் செய்தார். அவற்றுள் ஒன்று, நீரிழிவுக்காரர்களின் சிறுநீரில் கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) இருக்கிறதா என்று பார்க்க ஃபெரிக் குளோரைடு விடுவது. இருந்தால் செந்நீலமாகும், இல்லாவிட்டால் பழுப்பு நிறமே நிற்கும். இங்கே இரண்டும் நிகழவில்லை. கரும்பச்சை தோன்றிச் சில நிமிடங்களில் மங்கியது. கீட்டோன் இல்லை என்று குறித்துவிட்டு அடுத்த குப்பியை எடுத்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. அவரோ, ஏதேனும் மருந்துதான் இந்த நிறத்தைத் தருகிறதோ என்று ஐயுற்று, எல்லா மருந்துகளையும் நிறுத்திவிட்டுப் புதிதாகச் சிறுநீர் கொண்டுவரச் சொன்னார். பச்சை மறுபடியும் வந்தது.

பிறகு நடந்தது முழுக்க வேதியியல் வேலை. அந்தத் தாய் லிட்டர் கணக்கில் சிறுநீரைச் சுமந்து வர, காற்றுப் பட்டால் கெட்டுப்போகும் அந்தப் பொருளை அவர் பிரித்தெடுத்துப் படிகமாக்கி, எடை போட்டு எரித்துப் பகுத்து, ஒன்பது கார்பன், எட்டு ஹைட்ரஜன், மூன்று ஆக்சிஜன் என்று அதன் மூலக்கூறு வாய்பாட்டைக் கணக்கிட்டார். அது ஃபீனைல்பைருவிக் அமிலமாக (தேங்கிய ஃபீனைல்அலனினிலிருந்து உண்டாவது) இருக்கலாம் என்ற ஊகத்தைச் சரிபார்க்க, தூய அமிலத்தைத் தம் படிகங்களுடன் கலந்து உருக்கினார்; உருகுநிலை மாறவில்லை. வேறு பொருளாக இருந்திருந்தால் அது தாழ்ந்திருக்கும். அடுத்து மனவளர்ச்சி குன்றியோருக்கான இல்லங்களில் 430 பேரைச் சோதித்து, மேலும் எட்டுப் பேரிடம் அதே அமிலத்தைக் கண்டார். அதே ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பெயர் பின்னர் இங்கிலாந்தில் பென்ரோஸ், குவாஸ்டெல் என்ற ஆய்வாளர்கள் வைத்தது. நார்வேயில் ஃபொல்லிங் நோய் என்றும் சொல்வார்கள்.

கேள்வி: நோபல் பரிசு கிடைத்ததா? அந்தக் குழந்தைகள் குணமடைந்தார்களா? (கோவை வாசகர்)

பதில்: நோபல் கிடைக்கவில்லை. 1962-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் கையால் கென்னடி அறக்கட்டளையின் விருதைப் பெற்றார். இடையில் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகவும், 1953 முதல் 1958 வரை ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராகவும் பணியாற்றினார். இந்நோய் தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒடுங்கிய பண்பாகவே, அதாவது அவர்களிடம் நோயாக வெளிப்படாமல் மறைந்திருந்தே, குழந்தைக்கு வருகிறது என்பதை நிறுவுவதிலும் அவருக்குப் பங்குண்டு. மறைந்தது 1973-இல்.

அந்த இரு குழந்தைகளுக்கும் கண்டுபிடிப்பால் பயன் விளையவில்லை. ஃபீனைல்அலனின் குறைந்த உணவால் பலன் உண்டு என்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் மருத்துவர் பிக்கலும் அவருடைய குழுவினரும் காட்டியது 1953-இல்தான். அதுவும் பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்கினால்தான் மூளையை முழுமையாகக் காக்க முடியும். பச்சை நிறச் சோதனையோ அத்தனை சீக்கிரம் உதவாது. பிறந்த முதல் நாட்களில் அந்த அமிலம் சிறுநீரில் போதிய அளவு வராது. அந்த இடைவெளியை, குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தை வடிதாளில் உலர்த்திச் சோதிக்கும் முறையால் அமெரிக்கரான ராபர்ட் கத்ரி 1960-களின் தொடக்கத்தில் நிரப்பினார். பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் இந்தச் சோதனையைச் செய்யும் நாடுகளில், நோயோடு பிறந்தவர்களும் இன்று பள்ளிக்கும் வேலைக்கும் போகிறார்கள். இனிப்பு மாத்திரை டப்பாவின் எச்சரிக்கையைப் படித்து விலக வேண்டியவர்கள் அவர்களே.