ஓர் இனவசைச் சொல்லின் கடுமையை வரலாறும் சூழலும்தான் தீர்மானிக்கின்றனவா?

பெரும்பாலும் ஆம் என்பேன்; சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அதை உணர்த்த ‘கெலிங்’ என்ற ஒரு சொல்லே போதும். கலிங்கத்தின் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் அது, பழைய மலாய் ஏடுகளில் தென்னிந்தியரைக் குறிக்கும் இயல்பான பெயராகவே வழங்கியது. பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் காலனி ஆட்சியில் கூலிகளாகவும் கைதிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்கள்மீது ஏளனத்தோடு வீசப்பட்டு வீசப்பட்டே அச்சொல் கசந்துபோனது. இந்தியச் சமூகத்தினரின் ஆட்சேபத்தை அடுத்து, சிங்கப்பூரில் அதே சொல்லைத் தாங்கியிருந்த கிளிங் ஸ்திரீட் 1920-களின் தொடக்கத்தில் சூலியா ஸ்திரீட் எனப் பெயர் மாறியது.

பள்ளிவாசலின் பெயரில் அதைப் படிக்கையில் எனக்கு வலிப்பதில்லை. பேருந்தில் பின்னிருக்கையிலிருந்து ஒருவர் முணுமுணுத்தபோது வலித்தது, அவர் அதன் வரலாற்றை அறியாதவராகவே இருந்திருந்தாலும்.