முதலாளியின் லீசிங் லொறியை நான் எடுத்துக் கட்டலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது, ஊர் கொட்டகலை. பத்து வருடமாக ஒரு முதலாளியின் பதினாலரை அடி எல்ஃப் லொறியில் நுவரெலியாவிலிருந்து கொழும்புப் பக்கம் பேலியகொடைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிறேன். லொறி லீசிங்கில், அதாவது கம்பனிக் கடனில் இருக்கிறது. முதலாளி இப்போது அதை என்னையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். கையில் 8 இலட்சம் கொடுக்க வேண்டும், மிச்சமுள்ள 28 தவணையை மாதம் 95,000 ரூபாய்ப்படி நான் கட்ட வேண்டும். கட்டி முடிந்ததும் பெயர் மாற்றித் தருவாராம். அம்மாவின் சேமலாப நிதிப் பணம் 6 இலட்சம் இருக்கிறது. மனைவியின் நகையை அடகு வைத்தால் மீதியும் வந்துவிடும். சொந்த லொறிக்காரன் ஆகலாமா?

பதில்: லொறிக்காரர் ஆகலாம் தம்பி. இந்த வழியில் வேண்டாம்.

ஓட்டத்தில் இலாபம் வருமா என்பதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிப் போட்டது "கட்டி முடிந்ததும் பெயர் மாற்றித் தருகிறேன்" என்ற வார்த்தைதான். கடன் முடியுமுன் வாகனத்தை இப்படிக் கைமாற்றுவதை ரன்னிங் லீசிங் என்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிறார்கள், ஏதோ ஓடுகிற பஸ்ஸில் ஏறுவது மாதிரி. லொறியின் சீஆர் புத்தகத்தை, அதாவது பதிவுப் புத்தகத்தை, ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அப்சலூட் ஓனர் (முழு உரிமையாளர்) என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கும், பதிவு உரிமையாளர் என்ற இடத்தில் முதலாளியின் பெயர். உங்கள் பெயர் எங்கேயும் இல்லை. 28 மாதமும் நீங்கள் கட்டப்போவது இன்னொருவருடைய கடன்.

நான் இப்போது ஹட்டனில் லொறிக்காரர்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். அதற்கு முன் சில வருடம் ஒரு லீசிங் கம்பனியில் இருந்தேன். தவணை கட்டாததால் கம்பனி சீஸ் பண்ணிப் பிடித்த வாகனங்கள் நிற்கும் யார்டுக்கு ஒரு நாள் ஒரு பையன் வந்தார். லொறியின் முன் கண்ணாடியில் அவருடைய மகளின் பெயர் ஒட்டியிருந்தது. 19 தவணை முதலாளியின் கையில் கொடுத்திருக்கிறார். கடைசி 4 தவணை கம்பனிக்கு வந்து சேரவே இல்லை. ரசீது எல்லாம் முதலாளி பெயரில். நாங்கள் அவருக்குக் கொடுக்க முடிந்தது டேஷ்போர்டில் இருந்த முருகன் படம், ஒரு ஜாக்கி, ஒரு சாப்பாட்டுக் கெரியர். கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அதையும் கொடுத்தோம்.

"எங்கள் முதலாளி அப்படி இல்லை" என்பீர்கள். சரி, நல்லவர்தான். நாளைக்கு அவர் கண்ணை மூடினால் லொறி யாருக்கு? அவருடைய பிள்ளைகளுக்கு. விபத்தில் லொறி உருண்டால் காப்புறுதிப் பணம் யாருக்கு? முதலில் கம்பனிக்கு, மிச்சம் இருந்தால் முதலாளிக்கு. அதோடு அந்தக் காப்புறுதி வாடகைக்கு ஓடும் லொறி என்று எடுத்ததா, சொந்தப் பாவனை என்று எடுத்ததா என்பதையும் பாருங்கள். கட்டணம் குறையும் என்று இரண்டாவதைப் போட்டுவிட்டு மரக்கறி ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

இதற்குள் ஒரு புரோக்கர் வந்திருப்பார். "ஓபன் பேப்பர் வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே, பயமில்லை" என்பார். ஓபன் பேப்பர் என்றால் முதலாளி கையெழுத்து வைத்த, வாங்குகிறவர் பெயர் எழுதாத மாற்றல் படிவம். அப்சலூட் ஓனர் கம்பனியாக இருக்கும்வரை அந்தத் தாளில் வடை சுற்றலாம். லீசிங் முடிந்த லொறியானாலும் ஓபன் பேப்பரில் வைத்துக்கொண்டு ஓடாதீர்கள். புரோக்கருக்குக் கமிஷன் கிடைத்த அன்றே அவருடைய வேலை முடிந்துவிடும்.

செய்ய வேண்டியது இது. முதலாளியையும் கூட்டிக்கொண்டு லீசிங் கம்பனிக்கே போங்கள். இன்றைய தேதிக்கு முழுக்கடனையும் தீர்க்க எவ்வளவு என்று செட்டில்மென்ட் கடிதம் கேளுங்கள். அந்தத் தொகைக்கு உங்கள் பெயரில் புதிய லீசிங் போட்டு, பதிவு உரிமையாளராக உங்கள் பெயர் ஏறிய பிறகு முதலாளிக்குரிய காசைக் கொடுங்கள். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரிப் அறிக்கை பார்ப்பார்கள், இரண்டு பிணைகாரர் கேட்பார்கள், வருமானத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள். பத்து வருடம் சம்பளத்தைக் கையில் வாங்கியவரிடம் எந்தத் தாள் இருக்கும்? ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கும், "இங்கே இங்கே கையெழுத்து" என்று பென்சிலால் புள்ளடி போட்டுத் தருவார்கள். தமிழ் அரச கரும மொழியானது 1987இல். போன வருடம் ஒரு கவுண்டரில் தமிழ்ப் படிவம் கேட்டேன், "முடிந்துவிட்டது" என்றார்கள். அதற்கு முந்தின வருடமும் முடிந்துதான் இருந்தது. தெரிந்த ஒருவரை வைத்து வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கம்பனிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தால் பார்க்கட்டும்.

முதலாளி கம்பனிக்கு வர மறுத்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இனிக் கணக்கு. 28 தவணை 26 இலட்சத்து 60 ஆயிரம், கைக்காசோடு 34 இலட்சத்து 60 ஆயிரம். அதே வயதுடைய லொறி வெளியில் என்ன விலை போகிறது என்று விசாரியுங்கள். மாதம் 12 ஓட்டம் என்று வைத்தால் ஒவ்வொரு ஓட்டத்திலும் முதல் 7,900 ரூபாய் லீசிங்குக்கு. ஒரு கிழமை கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து 9 ஓட்டமாகக் குறைந்தால் அது 10,500ஐத் தாண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலையக வீதிகள் பட்ட பாட்டை நீங்களே ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பீர்கள். வீதி மூடினாலும் தவணைத் திகதி மூடாது.

டீசல்: நுவரெலியாவிலிருந்து பேலியகொடை போய்வர 320 கிலோமீட்டருக்குக் குறையாது. லீட்டருக்கு 5 கிலோமீட்டர் என்று பிடித்தால் 64 லீட்டர். 2021 டிசம்பர் கடைசியில் லீட்டர் 121 ரூபாய், ஓட்டத்துக்கு 7,744. அடுத்த ஜூன் கடைசியில் 460 ரூபாய், அதே ஓட்டத்துக்கு 29,440. அன்றைக்கு அந்த வித்தியாசம் முதலாளியின் தலையில் விழுந்தது, நீங்கள் டீசல் வரிசையில் நின்றீர்கள், அவ்வளவுதான். இனி இரண்டும் உங்களுக்கு. ரிட்டர்ன் லோட் யார் தருகிறார்கள் என்பதையும் யோசியுங்கள். அரிசியோ சீமெந்தோ உரமோ, மேலே ஏற்றிவரும் சாமானுக்கு இதுவரை போன் பேசியது முதலாளி. அந்த நம்பர்கள் லொறியோடு வருமா?

இன்னொன்று. அவர் உங்களுக்குச் சேமலாப நிதி கட்டியிருக்கிறாரா? சட்டப்படி அவர் பங்கு 12 வீதம், உங்கள் பங்கு 8 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் 3 வீதம். கட்டியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் பத்து வருடத்து நிலுவை இருக்கிறது. 8 இலட்சம் பேசும் மேசையில் அதையும் வையுங்கள்.

லொறியை வாங்குவதில் எனக்குப் பயமே இல்லாத ஓர் இடம் உண்டு: தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி. சிறு தோட்டக்காரரிடம் கொழுந்து எடுக்கும் தொழிற்சாலை ஒன்று, இந்தப் பாதை உனக்கு என்று எழுத்தில் தந்தால் கதை வேறு. ஓட்டம் கிட்ட, டீசல் குறைவு, ரிட்டர்ன் லோட் தேடத் தேவையில்லை, இரவில் வீட்டில் சாப்பிடலாம். ஆனால் கடிதத்தில் கிலோவுக்கு என்றிருக்கிறதா, நாளுக்கு என்றிருக்கிறதா பாருங்கள். கிலோ என்றால் பெப்ரவரி, மார்ச் வெயிலில் கொழுந்து குறையும், உங்கள் காசும் குறையும். குறைந்தபட்ச நாட்கூலி ஒன்றைக் கேளுங்கள். டீசல் ஏறினால் கூலி ஏறுமா என்று கேளுங்கள். காசு எந்தத் திகதியில் வரும் என்று கேளுங்கள், உங்கள் தவணைத் திகதி அதற்குப் பிறகு வரவேண்டும். கடிதத்தில் முகாமையாளரின் கையெழுத்து இருக்க வேண்டும், கொழுந்து நிறுக்கிறவருடைய வாய்வார்த்தை போதாது. இதற்குப் பத்தரை அடி லொறி போதும், உங்கள் பதினாலரை அடி அந்த ஒழுங்கைகளில் திரும்பாது.

பத்து வருடம் ஓட்டிய லொறிதானே என்று அடியில் பார்க்காமல் விடாதீர்கள். லீக்ஸிலும் கோவாவிலும் வடியும் தண்ணீர் பலகை வழியாக இறங்கி சேஸியின் குறுக்குச் சட்டத்தில்தான் நிற்கும். ஸ்பேனரால் தட்டுங்கள். கணீர் என்றால் சரி. மொத்தென்று கேட்டுத் துரு செதிலாக உதிர்ந்தால், அல்லது கெபினுக்குப் பின்னால் புது வெல்டிங்கின் மேல் பெயின்ட் இருந்தால், விலையைப் பற்றி மறுபடி பேசுங்கள். டாக் டயர் (பழைய டயரில் புது ரப்பர் ஒட்டியது) எத்தனை என்று நான் சொல்லத் தேவையில்லை, கழற்றி மாட்டியது நீங்கள்தான்.

அம்மாவின் பணத்தை இந்தக் கிழமை எடுக்காதீர்கள். முதலில் செட்டில்மென்ட் கடிதத்தை வாங்கி அதன் படத்தை எனக்கு அனுப்புங்கள். தொகையோடு தாமதக் கட்டணம் என்ற வரியும் படத்தில் தெரியட்டும். முதலாளி தவணையை ஒழுங்காகக் கட்டினாரா என்பது அங்கே எழுதியிருக்கும்.