டயலாக் பாக்ஸ்ல ஓகே பட்டன் இடது பக்கமா, வலது பக்கமா?

கேட்டவர் விண்டோஸ்ல ஓடுற ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிட்டு இருக்காராம், அதுல கேள்வி கேட்டு நிக்கற குட்டி ஜன்னல்ல (அது தான் டயலாக் பாக்ஸ்) டீம்ல ஒருத்தர் ஓகே இடது பக்கம் தான்ங்கறாராம், மேக் வச்சிருக்கற இன்னொருத்தர் வலது ஓரம்ங்கறாராம். சின்ன பஞ்சாயத்து தான், முடிச்சிடலாம். விண்டோஸ்ல ஓகே முதல்ல வரும், கேன்சல் அதுக்கு வலது பக்கம். மேக்ல உல்டா. லினக்ஸ்ல க்னோம்ங்கற டெஸ்க்டாப் 2002ல 2.0 விட்டப்ப மேக் கட்சிக்கு போயிருச்சு, கேடிஇங்கற இன்னொரு டெஸ்க்டாப் விண்டோஸ் கட்சியிலயே இருக்கு. நீங்க எழுதுறது விண்டோஸுக்கு, அதனால முதல் ஆள் சொல்றது சரி.

ஆனா பில்லிங்னு சொன்னீங்க பாருங்க, அங்க தான் எனக்கு கவலை. பில் போடுற இடத்துல பட்டன் எந்தப் பக்கம் இருக்குன்னு யாரும் பாக்கறதே இல்ல. மவுஸ் எங்கயோ மூலைல கிடக்கும், கை கீபோர்டுல, என்டர் என்டர்னு தட்டிட்டே போவாங்க. அதனால நீங்க டீம்ல உக்காந்து பேச வேண்டியது என்டர் அடிச்சா என்ன ஆகும், எஸ்கேப் அடிச்சா என்ன ஆகும், மேல இருக்கற எக்ஸை அமுக்கினா என்ன ஆகும், இது தான்.

என்டரை எடுத்துக்கோங்க. பார்கோடு ஸ்கேனர் கம்ப்யூட்டர் கண்ணுக்கு இன்னொரு கீபோர்டு, அவ்ளோ தான். நம்பரை அடிச்சு கடைசில ஒரு என்டரும் அடிச்சு விடும், பொதுவா கடைகள்ல அப்படித்தான் செட் பண்ணி வச்சிருப்பாங்க. இப்ப ஒரு சூப்பர் மார்க்கெட் கவுன்டர்ல "ஸ்டாக் இல்லை, இருந்தாலும் பில்லுல சேர்க்கவா?"ன்னு உங்க பாக்ஸ் வருதுன்னு வைங்க, பில் போடுற அக்கா ஸ்க்ரீனை பாக்கல, கூடைல இருந்து அடுத்த சோப்பை எடுத்து பீப் பண்ணிட்டாங்க. சோப்போட 13 நம்பரும் அந்த பாக்ஸ் மேல விழுந்து வீணா போகுது, பின்னாடி வர்ற என்டர் மட்டும் வேலை செஞ்சு "ஆமா" அமுங்கிடுது. சோப்பு பில்லுல ஏறவே இல்ல, ஸ்டாக் இல்லாத சாமான் ஏறிடுச்சு, கேள்வியை யாரும் படிக்கவும் இல்ல. சாயங்காலம் கணக்கு இடிக்கும், சாஃப்ட்வேர் சரியில்லன்னு உங்களுக்கு போன் வரும்.

அதனால ஸ்கேன் பண்ற ஸ்க்ரீன்ல பாக்ஸே வேணாம்னு தான் சொல்வேன். அந்த வரியை சிவப்பாக்கி, வழக்கமான பீப் இல்லாம வேற ஒரு சத்தம் குடுங்க, போதும். வந்தே ஆகணும்னா முதல் ஒரு செகண்டு எந்த பட்டனும் வேலை செய்யாம வைங்க. ஃபயர்பாக்ஸ்ல ஆட்-ஆன் போடறப்ப அந்த சேர்க்கற பட்டன் கொஞ்ச நேரம் மங்கலா இருந்துட்டு தான் வேலை செய்ய ஆரம்பிக்கும், காரணம் இதே தான், வேற எதையோ டைப் பண்ணிட்டு இருக்கறவர் தெரியாம ஓகே குடுத்துடக்கூடாது. ஆனா இது பாதி மருந்து தான், அந்த அக்கா ரெண்டு செகண்டு கழிச்சு பீப் பண்ணா மறுபடி அதே கதை. அதனால எதையாவது அழிக்கற, மீற பாக்ஸ்னா டீஃபால்ட் பட்டன், அதாவது என்டர் அடிச்சா அமுங்கற பட்டன், எப்பவும் ஒண்ணும் செய்யாத பட்டனா இருக்கணும். விண்டோஸே ரெடிமேடா தர்ற மெசேஜ்பாக்ஸ்ல சும்மா விட்டா முதல் பட்டன் தான் டீஃபால்ட், எம்பி_டெஃப்பட்டன்2னு ஒரு ஃப்ளாக் சேர்த்தா ரெண்டாவதுக்கு போயிடும். இவ்ளோ சின்ன வேலையை கூட நிறைய பேர் செய்யறதில்ல.

எஸ்கேப்பும் எக்ஸும் எங்க அடிச்சாலும் "ஒண்ணும் நடக்கல, பழையபடி விடு"ன்னு தான் இருக்கணும். மெசேஜ்பாக்ஸ்ல எஸ்/நோன்னு ரெண்டு மட்டும் வச்சா எஸ்கேப் வேலையே செய்யாது, எக்ஸும் மங்கி கிடக்கும். பக்னு நினைச்சு திட்டுவாங்க, பக் இல்ல. ரெண்டுல எது பின்வாங்கற பட்டன்னு விண்டோஸுக்கு தெரியாது, அதனால ரெண்டு வழியையும் அடைச்சிடுது. கேன்சல்னு ஒண்ணு சேர்த்துட்டா எஸ்கேப், எக்ஸ் ரெண்டும் அங்க போய் சேர்ந்துடும். பாதி பில்லோட விண்டோவை மூடறப்ப இது கட்டாயம் வேணும், ஏன்னா சேவ் பண்ணிட்டு மூடறது, பண்ணாம மூடறது இதுக்கு மேல "ஐயோ தெரியாம அமுக்கிட்டேன், மூடவே வேணாம்"னு ஒருத்தர் எப்பவும் இருப்பார்.

பட்டன்ல எழுதறதை பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. "பில்லை கேன்சல் பண்ணவா?"ன்னு கேட்டுட்டு கீழ ஓகே, கேன்சல்னு வச்சா எந்த கேன்சல்னு ஜனங்க முழிப்பாங்க. "பில்லை ரத்து செய்", "அப்படியே விடு"ன்னு எழுதுங்க. மெசேஜ்பாக்ஸ்ல சொந்தமா எழுத முடியாது, விண்டோஸ் விஸ்டால வந்த டாஸ்க்டயலாக்னு இன்னொரு ரெடிமேட் பாக்ஸ்ல முடியும், இல்லன்னா நீங்களே ஒரு ஃபார்ம் (சொந்த ஜன்னல்) போட்டு அக்செப்ட்பட்டன் (என்டருக்கு), கேன்சல்பட்டன் (எஸ்கேப்புக்கு) ரெண்டு ப்ராப்பர்ட்டியையும் செட் பண்ணிடுங்க.

அதுலயும் பில் விஷயத்துல கேள்வியே பாதி தேவையில்ல. ஜிஎஸ்டில இன்வாய்ஸ் நம்பர் வரிசையா போகணும், அதனால போட்ட பில்லை டேட்டாபேஸ்ல இருந்து தூக்கக்கூடாது, ரத்துன்னு குறிச்சு வைக்கணும். குறிச்சதை ஒரே நிமிஷத்துல திருப்ப முடியும்னா எதுக்கு "நிச்சயமா? நிச்சயமா?"ன்னு கேட்டுட்டு, ஜிமெயில் மாதிரி கீழ ஒரு அன்டூ காட்டிட்டு போயிடலாமே. எல்லாத்துக்கும் கேட்டா எதுக்கும் படிக்க மாட்டாங்க.

அப்புறம் வெப் வெர்ஷனும் வரப்போகுதுன்னு எழுதியிருக்கீங்க. ஹெச்டிஎம்எல்ல பாக்ஸ் போடற டயலாக் டேக் 2022 மார்ச்ல இருந்து குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி எல்லாத்துலயும் இருக்கு, அதை ஷோமோடல்ங்கற கட்டளைல திறந்தா எஸ்கேப்பை அதுவே பாத்துக்கும். ஒரு பொறி மட்டும் இருக்கு. ஃபார்முக்குள்ள பட்டனுக்கு டைப் குடுக்கலன்னா அது சப்மிட் பட்டன், அதாவது ஃபார்மை அனுப்பி விடற பட்டன். டெக்ஸ்ட் பாக்ஸ்ல என்டர் அடிச்சா ப்ரவுசர் கோட்ல முதல்ல வர்ற சப்மிட் பட்டனை தான் அமுக்கும், ஸ்க்ரீன்ல எது எங்க தெரியுதுங்கறது அதுக்கு கணக்கே இல்ல. கேன்சலை முதல்ல எழுதிட்டு சேவை ரெண்டாவதா எழுதினீங்கன்னா, டிஸ்கவுன்ட் அடிச்சு என்டர் தட்டறவருக்கு கேன்சல் ஆகி எல்லாம் மூடிக்கும், ஏன்னு அவருக்கு புரியவே புரியாது. கேன்சலுக்கு டைப்னு இருக்கற இடத்துல பட்டன்னு போட்டு, அதோட க்ளிக்ல டயலாக்கோட க்ளோஸை கூப்பிடுங்க, என்டர் நேரா சேவுக்கு போயிடும்.